'ஃப்ளவர் ஆஃப் ஈவில்' கொரியத் தொடர் பார்க்கலாமா? நிறை, குறை என்ன?

கட்டாயம் பாருங்கள். 2020-இல் டிவிஎன் சேனலில் வந்த 16 பகுதித் தொடர். கணவன், பழைய அடையாளத்தை மறைத்து வாழும் உலோகக் கைவினைஞன். மனைவி, போலீஸ் துப்பறிவாளர். அவள் தேடும் ஆள் அவள் வீட்டிலேயே இருக்கிறான். இந்த முடிச்சுதான் தொடரின் உயிர்.

முகபாவங்களை வீடியோ பார்த்துப் பழகும் காட்சி ஒன்று போதும், கணவனாக வரும் லீ ஜூன்-கியின் நடிப்புக்கு. உதடு சிரிக்கும், கண் சிரிக்காது. சந்தேகம் வந்த பிறகும் அவனோடு ஒரே வீட்டில் வாழும் மனைவியாக மூன் சே-வோன் நம்மைப் பதற வைக்கிறார்.

குறை பின்பாதியில்தான். வருடக்கணக்கில் கோமாவில் கிடந்த இன்னொருவன் எழுந்ததும் அத்தனை சுறுசுறுப்பாக நடமாடுவதை நம்ப முடியவில்லை. அப்புறம் கணவனுக்கு வரும் அந்த நினைவிழப்பு! இவ்வளவு நேர்த்தியான கதைக்கு அந்தப் பழைய சீரியல் உத்தி தேவையே இல்லை.