முட்டுவலி அம்மாவோடு ஜூலை விடுமுறை: கேப் டவுனா, டர்பனா?

கேள்வி கேட்டவர் ஜோகன்னஸ்பர்கில் வேலை பார்க்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு 76 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கைத்தடியோடு நூறடி நடந்தால் உட்கார வேண்டும். ஜூலைப் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் எங்கே போகலாம், கேப் டவுனா டர்பனா, எப்படித் திட்டமிடுவது என்கிறார்.

டர்பன். யோசிக்கவே வேண்டாம். நானும் ஜோகன்னஸ்பர்க்தான், என் அம்மாவுக்கும் இதே கால்தான். இரண்டு ஊருக்கும் அவரை அழைத்துப் போயிருக்கிறேன்.

முதல் காரணம் வானிலை. ஜூலையில் கேப் டவுனுக்கு மழைக்காலம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் முட்டிக்கு என்ன ஆகும் என்று உங்கள் அம்மாவைக் கேட்டாலே சொல்வார். போதாததற்கு, டேபிள் மவுன்டன் கேபிள் கார் வழக்கமாக ஜூலை, ஆகஸ்ட் சமயத்தில்தான் ஆண்டுப் பராமரிப்புக்காகச் சில நாட்கள் ஓடாது. டர்பனில் அதே ஜூலையில் மழை குறைவு, பகலில் 22, 23 டிகிரி. நம்மூர் மார்கழி மாதிரி இருக்கும். டிசம்பர், ஜனவரியில் போனால்தான் வியர்த்துக் கொட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஜூலை முதல் சனிக்கிழமை அங்கே 'டர்பன் ஜூலை' குதிரைப் பந்தயம். அந்த வாரக் கடைசியில் ஓட்டல் கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தாலும் விலை எகிறியிருக்கும். அதைத் தாண்டிப் போங்கள்.

இனி திட்டம். எத்தனை இடம் பார்க்கலாம் என்று பட்டியல் போடாதீர்கள். அம்மா ஒரு நாளைக்கு எத்தனை முறை உட்கார்ந்து எழ வேண்டியிருக்கும் என்று எண்ணுங்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்குச் சமதரையில் பத்தடி நடப்பதைவிட, தாழ்வான இருக்கையிலிருந்து எழுவதும் காரில் ஏறி இறங்குவதும்தான் உயிரை எடுக்கும். நாம் 'ரொம்ப நடக்க வேண்டாம் அம்மா, காரிலேயே போய்டலாம்' என்று ஐந்து இடத்துக்குக் கூட்டிப் போவோம். அதில் பத்துத் தடவை ஏறி இறங்கியிருப்பார். ராத்திரி கால் வீங்கிப் படுத்திருக்கும்போது, நடக்கவே இல்லையே, எப்படி என்று நமக்குப் புரியாது. காலையில் ஓர் இடம், மத்தியானம் அறையில் படுக்கை, நாலரைக்கு மேல் தெம்பிருந்தால் இன்னோர் இடம். இதற்கு மேல் வேண்டாம்.

காரில் ஏற்றுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். துணி சீட்டாக இருந்தால் அதன்மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரியுங்கள். அம்மா முதுகைக் காட்டி முதலில் உட்காரட்டும். அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்துக்கொண்டே திரும்பட்டும். பை வழுக்கும், இடுப்பு தானாகத் திரும்பும். திரும்பி முடித்ததும் பையை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது ஆள் சறுக்குவார். காரும் முக்கியம். சின்ன கார்கள் ரொம்பத் தாழ்வு, பெரிய ஜீப் வகை ரொம்ப உயரம். சீட் அம்மாவின் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் சரி. உபரில் மலிவான வகையைப் போட்டால் பெரும்பாலும் சின்ன காராகத்தான் வரும், டிக்கியில் வீல்சேர் நுழையாது. பெரிய வண்டியாகப் போடுங்கள். இன்னும் நல்லது, முதல் நாள் வருகிற ஓட்டுநர் பொறுமையானவராக இருந்தால் அவரையே மீதி நாட்களுக்கும் பேசிக்கொள்வது. ஆட்களை நெருக்கி ஏற்றும் மினிபஸ் டாக்சியை மறந்துவிடுங்கள்.

வீல்சேர் என்றதும் 'நான் என்ன நோயாளியா?' என்று வரும். என் அம்மாவும் கேட்டார். நான் வாதாடவில்லை, விமான நிலையத்தில் மட்டும் என்றேன். அங்கே வரிசையைத் தாண்டி ஜம்மென்று முன்னால் போனதும், அடுத்த நாள் கடற்கரைக்குப் போகும்போது 'அந்த வண்டிய எடுத்துக்கிட்டியா?' என்று அவரே கேட்டார். விலைக்கு வாங்க வேண்டாம், மருத்துவ உபகரணக் கடைகளில் வார வாடகைக்குக் கிடைக்கும். பின்சக்கரம் பெரிதாக இருப்பதை எடுங்கள். சின்னச் சக்கர வண்டி எடை குறைவுதான், ஆனால் செங்கல் பதித்த நடைபாதையில் கடகடவென்று ஆடி, உட்கார்ந்திருப்பவரின் இடுப்பை உலுக்கிவிடும்.

விமானத்தில் போவதானால் 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் வீல்சேர் உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது. ஆனால் எந்த வகை உதவி என்று கேட்பார்கள். டபிள்யூசிஎச்ஆர் என்றால் படி ஏறுவார், தூரம் நடக்க மாட்டார் என்று அர்த்தம். டபிள்யூசிஎச்எஸ் என்றால் படியும் ஏற மாட்டார். உங்கள் அம்மாவுக்கு இரண்டாவதைச் சொல்லுங்கள். முதலாவதைப் போட்டுவிட்டு, பேருந்தில் ஏற்றி விமானத்தின் படிக்கட்டு அடியில் இறக்கிவிட்டால் அங்கே நின்று விழிக்க வேண்டியதுதான். இரண்டாவது வகைக்கு, கதவு உயரத்துக்குத் தூக்கிவிடும் லிஃப்ட் வண்டி வரும்.

சாலை வழியும் மோசமில்லை. என்3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். பாதி வழியில் ஹாரிஸ்மித் வரும். அங்கே பெரிய பெட்ரோல் நிலையங்களில் சுத்தமான கழிப்பறை, சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் ஆறு மணி நேரம் முட்டியை மடக்கியே வைத்திருந்தால் இறங்கும்போது கால் நீளாது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த முடியும் என்றால் காரில் போங்கள். இல்லாவிட்டால் ஒரு மணி நேர விமானமே மேல். கிங் ஷாகா விமான நிலையம் ஊருக்கு வடக்கே 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

தங்குமிடம்தான் பெரிய தலைவலி. தொலைபேசியில் 'வீல்சேர் வசதி உண்டா?' என்று கேட்டால் எல்லாரும் உண்டு என்பார்கள். ஒரு விருந்தினர் இல்லத்தில் எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் இரண்டு படி, குளியலறையில் முட்டி உயரத் தொட்டி, அதற்குள் இறங்கி நின்றுதான் ஷவரில் குளிக்க வேண்டும். இந்த நாட்டில் பழைய கட்டடங்களில் இது ரொம்பச் சகஜம். அதனால் பொதுவாகக் கேட்காதீர்கள். ஷவருக்குள் கால் தூக்கி வைக்க வேண்டுமா, கழிப்பறை பக்கம் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, கட்டில் எவ்வளவு உயரம், காலைச் சாப்பாட்டு அறைக்குப் போக எத்தனை படி, மின்சாரம் போனால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குளியலறையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தயங்காமல் அனுப்புகிற இடத்தைப் பதிவு செய்யுங்கள். போனதும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி ஷவரில் போட்டுவிடுங்கள், அம்மா உட்கார்ந்தே குளிக்கலாம். சமையலறை உள்ள அபார்ட்மென்ட் கிடைத்தால் இன்னும் நிம்மதி. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால், மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டலில் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் காத்திருப்பது நடக்கிற காரியமில்லை. ஒரு சின்ன ரைஸ் குக்கர் போதும். கறிவேப்பிலையும் பருப்பும் டர்பனில் தேடவே வேண்டாம்.

பார்க்க என்ன இருக்கிறது? கடற்கரைதான். துறைமுக முகத்திலிருந்து வடக்கே புளூ லகூன் வரைக்கும் சுமார் 8 கிலோமீட்டருக்கு அகலமான நடைபாதை, முழுக்கச் சமதரை. காலை ஏழரைக்குப் போய்விடுங்கள். ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள், மீன் பிடிக்கிறவர்கள் எல்லாரும் இருப்பார்கள், வெயிலும் இதமாக இருக்கும். மணிகளும் கொம்புகளும் வைத்த தலையலங்காரத்தோடு ஜூலு ரிக்‌ஷாக்காரர்கள் நிற்பார்கள். ரிக்‌ஷாவில் ஏற உயரத் தூக்கிக் கால் வைக்க வேண்டும், வண்டியையும் பின்னால் சாய்த்து ஆட்டுவார்கள். அம்மாவுக்கு அது ஆகாது. காசு பேசிக்கொண்டு பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். வடக்கே உம்லாங்காவிலும் இதே போல நல்ல கடலோர நடைபாதை உண்டு, கலங்கரை விளக்கமும் அங்கேதான்.

தாவரவியல் பூங்காவை விட்டுவிடாதீர்கள். 1849இல் தொடங்கியது, ஆப்பிரிக்காவில் இன்றும் இருக்கிற பூங்காக்களில் இதுதான் பழையது. நுழைவுக் கட்டணம் இல்லை. பெரியா மேட்டுச் சரிவில் இருப்பதால் கொஞ்சம் ஏற்றம் உண்டு. வண்டி தள்ளுகிறவர் கீழ்ப்பகுதியில், குளத்தை ஒட்டிச் சுற்றினால் போதும். அங்கே வுட்ஸ் சைகட் என்று ஒரு மரம் இருக்கிறது. காட்டில் 1895இல் ஒரே ஒரு மரம்தான் கண்டுபிடித்தார்கள், அதுவும் ஆண் மரம். இன்று உலகமெங்கும் இருப்பவை எல்லாம் அதன் கன்றுகளே. பெண் மரம் இதுவரை கிடைக்கவே இல்லை. இதை என் அம்மாவிடம் சொன்னபோது, 'பாவம், யாராவது ஜாதகம் எடுத்துக்கிட்டு அலையறாங்களா?' என்றார். பூங்காவில் தேநீர்க் கடை உண்டு, அங்கே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

ஆனால் உங்கள் அம்மா ஊரில் போய்ச் சொல்லப்போவது கோயிலைப் பற்றித்தான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் வந்து டர்பனில் கரும்புத் தோட்டக் கூலிகளை இறக்கியது. அவர்களும் பின்னால் வந்தவர்களும் கட்டிய கோயில்கள் ஊரெங்கும் இருக்கின்றன. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் பக்கமே மவுன்ட் எட்ஜ்கோம்பில் பழைய கரும்புத் தோட்டக் கோயில்கள் உண்டு. உம்கேனி சாலையிலும் உண்டு. சில கோயில்கள் எல்லா நேரமும் திறந்திருக்காது, முன்கூட்டியே போன் செய்யுங்கள். அப்போதே வீல்சேர் உள்ளே வரலாமா, படியில்லாத வாசல் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வழவழ தரையில் கைத்தடியோடு நடப்பது ஆபத்து. அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை வாங்கிப் போட்டுவிடுங்கள். என் அம்மா நின்றுகொண்டே கும்பிடுவதைப் பார்த்த ஒரு பாட்டியம்மா, எங்கிருந்தோ பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்திலேயே தானும் ஒன்றில் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் பேச வரவில்லை, அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. கையில் ஆங்கில எழுத்தில் அச்சடித்த தேவாரப் புத்தகம் வைத்திருந்தார். அவர் பாட ஆரம்பித்ததும் அம்மாவும் சேர்ந்துகொண்டார். நான் வெளியே காரில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

'நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்' என்று ஒரு கட்டத்தில் சொல்வார். அதை எப்போதும் மறுக்க வேண்டியதில்லை. நிழல், கழிப்பறை, கண்ணுக்கு வேடிக்கை, உங்களில் ஒருவர் துணை, இந்த நாலும் இருந்தால் விட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகளை உஷாகா மீன் காட்சியகத்துக்கு அழைத்துப் போகும்போது அப்படித்தான் செய்தோம். ஆனால் காலையிலேயே அப்படிச் சொன்னால் முந்தின நாள் அலைச்சல் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு ஊர் சுற்றலை ரத்து செய்துவிடுங்கள்.

பாதுகாப்பு பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வீல்சேரின் கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள். தள்ளுகிறவர் எதிரே பார்த்துக்கொண்டிருப்பார், பை போவது தெரியாது. அம்மா மடியிலேயே இருக்கட்டும். கழுத்துச் சங்கிலி வீட்டில் இருக்கட்டும். இருட்டியபின் கடற்கரையில் இருக்க வேண்டாம். கார் நிறுத்துமிடத்தில் மஞ்சள் சட்டை போட்டு நிற்கிறவர்களிடம் நாலு ராண்ட் சேர்த்துக் கொடுத்தால் வீல்சேரை இறக்கி விரித்துத் தருவார்கள்.

கைபேசியில் அரசு ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து பொது அவசரம் 112, தனியார் நெட்கேர் 082 911 எல்லாம் பதிந்து வையுங்கள். மருந்துச் சீட்டின் படத்தையும் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பயணக் காப்பீட்டில் ஏற்கனவே இருக்கும் நோய்க்குப் பணம் தருவார்களா என்று இப்போதே பாருங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள்.

மார்ச் வரைக்கும் அம்மா இங்கே இருப்பார் என்றால் கேப் டவுனையும் முடித்துவிடலாம். மார்ச், ஏப்ரலில் கோடைக் காற்று ஓய்ந்திருக்கும், மழையும் தொடங்கியிருக்காது. கேபிள் காரில் வீல்சேர் ஏறும், ஐந்தே நிமிடத்தில் 1,067 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். கூண்டின் தரையே சுற்றுவதால் அம்மா திரும்பிப் பார்க்கவும் வேண்டியதில்லை. காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள், ஆகவே போய் இறங்கிய முதல் தெளிவான நாளிலேயே ஏறிவிடுங்கள். வாட்டர்ஃபிரன்ட், சீ பாயின்ட் நடைபாதை இரண்டும் சமதரை. போ-காப்பில் கல் பாவிய செங்குத்துத் தெருக்கள், காரிலிருந்தே வண்ண வீடுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். ராபன் தீவு வேண்டாம், படகே ஆட்டிவிடும். சாயங்காலம் சிக்னல் ஹில் உச்சி வரைக்கும் கார் போகும். கடலைப் பார்த்து நிறுத்திவிட்டால் சூரியன் மறைவதை இறங்காமலே பார்க்கலாம், பிளாஸ்கில் காபி மட்டும் கொண்டு போங்கள்.