42.7 கிலோமீட்டர் மாரத்தான் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் ஒரு முழு மாரத்தான் (42.195 கி.மீ.) ஓடினேன். நாலு மணி நேரத்துக்குள் முடிப்பதுதான் இலக்கு. கிலோமீட்டருக்கு 5:41 என்று கணக்குப் போட்டு, கடைசிவரை ஜிபிஎஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தே ஓடினேன். கடிகாரத்தின்படி வேகம் எங்குமே பிசகவில்லை. ஆனால் அது 42.2 காட்டியபோது முடிவு வளைவு இன்னும் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஓடி முடித்தபோது கடிகாரத்தில் 42.70, நேரம் 4:02:52. உடன் ஓடிய நண்பர்களுக்கும் 42.5, 42.6 என்றே காட்டியிருக்கிறது. அமைப்பாளர்களிடம் கேட்டால் "சான்று பெற்ற பாதை" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார்கள்.

என் கடிகாரம் 10 கி.மீ. பலகையில் 10.08, பாதித் தூரத்தில் 21.24, 30 கி.மீ. பலகையில் 30.41 காட்டியது. பாதிக்கும் 30-க்கும் நடுவே உயர்ந்த கட்டடங்களும் ஒரு சுரங்கப்பாதையும் உண்டு. வேடிக்கை என்னவென்றால் எனக்கு மிகச் சுலபமாக இருந்தது அந்தப் பகுதிதான். இதயத்துடிப்புகூட 158-லிருந்து 152-க்கு இறங்கியது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். சான்றிதழில் 4:07:20, 4:02:52 என்று இரண்டு நேரங்கள் போட்டிருக்கிறார்கள். எது என் நேரம்? 30 கி.மீ. இடைநேரம் என் பெயருக்கு நேராகக் காலியாக இருக்கிறது. ஏன்? பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து?

கே.

அன்புள்ள கே.,

பணத்தைக் கேட்கும் முன் நீங்கள் அனுப்பிய எண்களை இன்னொரு தடவை பாருங்கள். பதில் பெரும்பாலும் அவற்றிலேயே இருக்கிறது.

பாதை நீளமா என்றால், கொஞ்சம் நீளம்தான். முறையாக அளந்த எந்த மாரத்தானும் வேண்டுமென்றே 42 மீட்டர் கூடுதலாக அளக்கப்படுகிறது. இதற்குக் காரணம் உண்டு. 1981-இல் நியூயார்க் மாரத்தானை ஆல்பர்ட்டோ சலசார் 2:08:13-இல் ஓடி உலகின் மிகச் சிறந்த நேரம் என்று அறிவிக்கப்பட்டார். பிற்பாடு மறுபடி அளந்தபோது பாதை 148 மீட்டர் குறைவு என்று தெரிந்து, சாதனை போயிற்று. மான்செஸ்டரில் 2013 முதல் 2015 வரை மூன்று வருடப் போட்டிகள் 380 மீட்டர் குறைவான பாதையில் நடந்தது 2016-இல்தான் வெளியே வந்தது. ஓடிய அத்தனை பேரின் நேரமும் அதோடு கேள்விக்குள்ளானது. பாதை நாலடி குறைந்தாலும் எல்லாம் வீண், ஐம்பது மீட்டர் கூடினால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. அதனால் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சேர்த்தே அளக்கிறார்கள்.

அளப்பது சைக்கிளில். இன்றைக்கும் அப்படித்தான். முன்சக்கரத்தின் அச்சில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சிறிய பற்சக்கரக் கருவியைப் பொருத்துவார்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் அது 23-க்குச் சற்று மேல் எண்ணும். சாதாரணச் சக்கரத்தில் ஒரு எண் என்பது சாலையில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். முதலில் 300 முதல் 500 மீட்டர் வரை நேரான ஒரு துண்டுச் சாலையை ஸ்டீல் டேப்பால் அளந்து இரு முனையிலும் ஆணி அடிக்கிறார்கள். டேப்பை இழுக்கும் விசைக்கும் அன்றைய வெப்பத்துக்கும்கூடத் திருத்தம் உண்டு. அளவீட்டாளர் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடியே சக்கர அச்சை ஆணிக்கு நேர் மேலே நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கவுண்டரைப் படிப்பார். பிறகு நேராக ஓட்டி மறுமுனையில் அதேபோல் படிப்பார். இப்படி நாலு தடவை. 400 மீட்டருக்கு 4,502 எண் வருகிறது என்றால் கிலோமீட்டருக்கு 11,255. அதை 1.001-ஆல் பெருக்கினால் 11,266. அன்றைக்கு அவருக்கு ஒரு கிலோமீட்டர் என்பது அந்த எண்தான். ஒவ்வொருவருக்கும் சைக்கிளில் ஒரு ஆட்டம் இருக்கும். அதுவும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே ஒருவருடைய எண்ணை வைத்து இன்னொருவர் அளக்க முடியாது.

பாதையை அளந்து முடித்ததும் திரும்பி வந்து அதே ஆணிகளுக்கு நடுவே மறுபடி நாலு தடவை ஓட்ட வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டால்தான் வினை. காலையில் 4,502 வந்த இடத்தில் நண்பகலில் 4,496 வரலாம். வெயிலில் டயர் உப்பிச் சக்கரம் பெரிதாகியிருக்கும். வெறும் ஆறு எண் வித்தியாசம், ஆனால் மாரத்தான் முழுமைக்கும் 56 மீட்டர் ஆகிறது. காலை எண்ணையே வைத்துக்கொண்டால் பாதை அந்த அளவுக்கு நீளும், அது பாதுகாப்பான பக்கம். பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கத்துக்கு: டயரில் மெல்லக் காற்று இறங்கினால் சக்கரம் சிறுத்து எண்கள் வேகமாக ஓடிவிடும், பாதை குட்டையாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத பஞ்சர் ஒன்று ஒரு மாரத்தானையே செல்லாததாக்கப் போதும்.

அளவீட்டாளர் செல்லும் கோடு சாலையின் நடுக்கோடு அல்ல. ஓடுகிறவர் சட்டப்படி ஓடக்கூடிய மிகக் குறுகிய வழி அது. வளைவில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர், இடது வளைவிலிருந்து அடுத்த வலது வளைவுக்குச் சாலையின் குறுக்கே நேர்க்கோடு. எதிர்வரும் வண்டிகளுக்கு நேராகப் போக நேரும் என்பதால் விடியற்காலையில் காவல் வண்டியுடன் அளப்பார்கள். சில பெரிய மாரத்தான்களில் சாலையில் நீலக்கோடு தீட்டியிருக்குமே, அது இந்த வழிதான். நாலு மணி நேரக் கூட்டத்தில் யாராலும் அதன்மேல் ஓட முடியாது. ஒரு செங்கோணத் திருப்பத்தை மூன்று மீட்டர் தள்ளி எடுத்தால் 4.7 மீட்டர் கூடுகிறது. தண்ணீர் மேசைக்கு ஒதுங்குவது, மெதுவாகப் போகிறவரைச் சுற்றிப் போவது எல்லாம் தனி. இந்த வகையில் நூறு, இருநூறு மீட்டர் சேர்வது சாதாரணம். அதை நீங்கள் உண்மையாகவே ஓடினீர்கள். கடிகாரத்தின் பிழை அல்ல.

இனி உங்கள் எண்கள். முதல் 10 கிலோமீட்டரில் 80 மீட்டர் கூடுதல், பாதியில் 140. இது இயல்பு. ஆனால் பாதியிலிருந்து 30 வரை, 9 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், 270 மீட்டர் கூடியிருக்கிறது. அதன்பின் 12 கிலோமீட்டருக்கு 95 மட்டுமே.

இப்படி ஓரிடத்தில் குவிந்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, பாதையே அங்கே தவறாகப் போடப்பட்டிருக்கலாம். சரியாக அளந்த பாதையையும் போட்டி நாளில் கெடுத்துவிடலாம். திரும்புமிடத்துக் கூம்பை 50 மீட்டர் தள்ளி வைத்தால் போக வர 100 மீட்டர் போயிற்று. 2021-இல் பிரைட்டன் மாரத்தான் 568 மீட்டர் நீளமாக ஓடப்பட்டது. ஆகவே உங்கள் சந்தேகத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. மற்றொன்று, கடிகாரம் ஏமாந்திருக்கலாம். திறந்த வானத்திலேயே ஜிபிஎஸ் புள்ளி ஒவ்வொன்றும் சில மீட்டர் தவறும். நேர்ச்சாலையில் அந்தப் புள்ளிகளை இணைத்தால் கோடு நெளிந்து தூரம் கூடுகிறது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை கண்ணாடிச் சுவரில் மோதித் தாமதமாக வரும். கடிகாரம் உங்களைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் வைக்கும். சுரங்கப்பாதையில் சமிக்ஞையே கிடையாது. கை வீச்சை வைத்துத் தோராயமாக நிரப்பிவிட்டு வெளியே வந்ததும் ஒரே தாவலில் இடத்தைத் திருத்திக்கொள்ளும். அந்தத் தாவலும் தூரக் கணக்கில் சேரும்.

இரண்டில் எது என்பதை உங்கள் இதயத்துடிப்பே சொல்கிறது. பாதை உண்மையிலேயே நீளமாக இருந்திருந்தால், கடிகாரம் சொன்ன 5:41 நிஜமான 5:41. துடிப்பு மாறக் காரணமில்லை. கடிகாரம் கூட்டிக் காட்டியிருந்தால், 5:41 என்று நம்பி நீங்கள் அதைவிட மெதுவாக ஓடியிருப்பீர்கள். கணக்குப் போடுங்கள்: கடிகாரத்தில் 9.17 கிலோமீட்டர், அதை 5:41 வீதம் ஓட 52 நிமிடம் 7 விநாடி. பலகைகளின்படி தூரம் 8.9. அப்படியானால் உண்மை வேகம் 5:51. கிலோமீட்டருக்குப் பத்து விநாடி மெதுவாக ஓடியதால்தான் சுலபமாக இருந்தது, துடிப்பும் ஆறு இறங்கியது. கட்டட நிழலும் கொஞ்சம் உதவியிருக்கலாம், ஆனால் வேகக் கணக்கும் துடிப்பும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. நாலு மணிக்கு மேல் போன 172 விநாடியில் 91 விநாடி அங்கேயே போய்விட்டது. அமைப்பாளர்களிடம் பணம் கேட்க ஒன்றுமில்லை. வேண்டுமானால் அளவீட்டுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அளந்த தேதி, அளந்தவர் பெயர், தொடக்கமும் முடிவும் திரும்புமிடங்களும் எந்த விளக்குக் கம்பத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று குறித்த வரைபடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். உலகத் தடகள அமைப்பான வேர்ல்ட் அத்லெடிக்ஸ் தரும் சான்றுக்கு ஆயுள் 5 ஆண்டு. "சான்று பெற்ற பாதை" என்று சொல்லிவிட்டு அதைக் காட்ட மறுக்கிறவர்களை நிச்சயம் சந்தேகப்படலாம்.

அடுத்த தடவைக்கு ஒரு வேலை செய்யுங்கள். கடிகாரம் தன் கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தானே நேரம் பிரிக்கும் தானியங்கி லேப்பை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் லேப் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். திரையில் லேப் நேரமும் மொத்த நேரமும் மட்டும் போதும். கணத்துக்குக் கணம் மாறும் வேகம் வேண்டாம், அது கட்டடங்களுக்கு நடுவே 4:50-க்கும் 6:30-க்கும் குதிக்கும். ஒரு பலகையைத் தவறவிட்டால் அடுத்ததில் அழுத்தி இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். பலகைகளைப் பக்கத்துக் கம்பத்தில் கட்டிவிடுவதும் உண்டு என்பதால் ஒற்றைக் கிலோமீட்டர் ஐந்தாறு விநாடி முன்பின் வரலாம், பதற வேண்டாம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை மணிக்கட்டில் ஒட்டிய துண்டுச் சீட்டைப் பாருங்கள். நாலு மணிக்கு: 5-இல் 28:26, 10-இல் 56:53, 20-இல் 1:53:45, பாதியில் 2:00:00, 30-இல் 2:50:38, 40-இல் 3:47:31. பலகை இல்லாத போட்டியாக இருந்தால் கடிகாரத்தில் 5:37 வைத்து ஓடுங்கள், 42.7 வந்தாலும் நாலு மணிக்குள் அடங்கும்.

ஜிபிஎஸ் சமிக்ஞையை இரண்டு அலைவரிசையில் வாங்கும் கடிகாரம் வாங்கினால் தீருமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கட்டடப் பிழை நன்றாகக் குறையும். சுரங்கப்பாதைக்கும் உங்கள் வளைந்த ஓட்டத்துக்கும் அது ஒன்றும் செய்யாது. பொத்தானை அழுத்துவதற்குச் செலவில்லை.

சான்றிதழில் உள்ள இரண்டு நேரங்களில் 4:07:20 துப்பாக்கி வெடித்ததிலிருந்து, 4:02:52 தொடக்கக் கோட்டில் விரித்திருக்கும் மேட்டை (சிப்பைப் படிக்கும் பாய்) நீங்கள் மிதித்ததிலிருந்து. நடுவே 4 நிமிடம் 28 விநாடி கூட்டத்தில் நின்று கழிந்தது. வெற்றியாளர் வரிசையும் சாதனைகளும் துப்பாக்கி நேரத்தில். உங்கள் சொந்தக் கணக்குக்கும் பாஸ்டன் போன்ற போட்டிகளின் தகுதிக்கும் சிப் நேரம், அதாவது இரண்டாவது. பேஸரோடு (குறித்த நேரத்தில் முடிக்கும்படி வேகம் பிடித்துத் தருகிறவர்) ஓடுவதாக இருந்தால் இது முக்கியம். நாலு மணிக் கொடி பிடித்தவர் உங்களுக்கு மூன்று நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால் அவரை எட்டிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் பத்துக் கிலோமீட்டரில் விரட்டிப் பிடித்து, 32-இல் உட்கார்ந்துவிடுகிறவர்கள் ஏராளம். அவர் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறார் என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

30 கி.மீ. காலி இருப்பது அநேகமாக உங்கள் பிப்பின், அதாவது நெஞ்சில் குத்தும் எண் அட்டையின், கோளாறு. பிப்புக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைதான் சிப். அதில் மின்கலம் இல்லை. மேட்டிலுள்ள ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையிலிருந்து சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. அந்த அலைவரிசையைத் தண்ணீர் விழுங்கிவிடும், நம் உடம்போ பெரும்பகுதி தண்ணீர். சில பிப்களில் பட்டைக்குக் கீழே ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு இருப்பது அதை உடம்பிலிருந்து விலக்கி வைக்கத்தான். வியர்வையில் பிப் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டாலோ, மடிந்தாலோ, அதன்மேல் போன் பெல்ட் ஏறினாலோ, அலுமினியத் தாளில் வரும் ஜெல் பொட்டலங்களை அதன் பின்னால் செருகினாலோ பதிவு தவறும். பிப்பைப் பெல்ட்டில் மாட்டி முதுகுப் பக்கம் திருப்பிவிட்டு ஓடுகிறவர்களுக்கும் இதே கதிதான். நாலு மூலையிலும் ஊக்கு குத்தி, நெஞ்சுக்கு முன்னால், எல்லா உடைக்கும் மேலே இருக்க வேண்டும். சிப் ஒட்டிய இடத்தில் ஊக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலியை அப்படியே விடாதீர்கள். இடையில் ஒரு மேட் விடுபட்டால் குறுக்கு வழியில் வந்தவர் என்று கணினி சந்தேகக் குறி போடக்கூடும், அதன்பேரில் சில இடங்களில் பெயரையே நீக்கிவிடுகிறார்கள். உங்கள் கடிகாரப் பதிவுக் கோப்பை இணைத்து, பிப் எண்ணும் 25, 35 கி.மீ. நேரங்களும் குறிப்பிட்டு நேரக் கணிப்பு நிறுவனத்துக்கு இந்த வாரமே எழுதுங்கள். தூரத்துக்கு அந்தக் கோப்பு நல்ல சாட்சியல்ல. அந்தச் சாலை வழியாகத்தான் போனீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.