சரக்கு லோரி பேசும் முன்: சுங்கை சிப்புட் வியாபாரிகள் கேட்டவையும் பதிலும்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறுதொழில் செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எந்தக் கம்பெனி நல்லது என்று பெயர் கேட்காதீர்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வாரம் 40 பெட்டி முறுக்கு கோலாலம்பூருக்குப் போகணும். கம்பெனி நம்பகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அக்கா, பேசும் கம்பெனி ஒன்று, வாசலுக்கு வரும் லோரி வேறொன்று என்பதுதான் இங்கே வழக்கம். அதனால் லோரியிலிருந்தே தொடங்குங்கள்.

லோரியின் பக்கவாட்டில் கம்பெனிப் பெயரும் இரண்டு எடைகளும் எழுதியிருக்கும். மலாய்ச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி வரும், ஆகவே முழுசாகவே சொல்கிறேன். 'பெராட் தன்பா முவாத்தான்' காலி எடை. 'பெராட் டெங்கான் முவாத்தான்' சுமையோடு சேர்த்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். 5,000, 2,900 என்று இருந்தால் ஏற்றக்கூடியது 2,100 கிலோதான், அதை ஊரே 'மூணு டன் லோரி' என்று கூப்பிட்டாலும் சரி.

அடுத்தது பெர்மிட். கூலிக்கு அடுத்தவர் சரக்கை ஏற்ற 'ஏ' வகை லைசென்ஸ் வேண்டும். 'சி' வகை, சொந்தச் சரக்குக்கு மட்டும். சிமெண்ட் கடைக்காரர் தன் 'சி' லோரியில் உங்கள் முறுக்கைக் கூலிக்கு ஏற்றினால் அது சட்டத்துக்குப் புறம்பு. வழியில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) நிறுத்தினால் முறுக்கும் சேர்ந்து நிற்கும். லைசென்ஸிலுள்ள பெயரும் லோரியிலுள்ள பெயரும் பில் போடும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறு வேறாக இருந்தால் பெர்மிட்டைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறார்களா என்று நேராகவே கேளுங்கள். 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி எஃப்.ஆர்.யூ. என்ற கலகத் தடுப்புப் பிரிவின் போலீஸ்காரர்கள் 9 பேர் இறந்த பிறகு, அதிகச் சுமையையும் குத்தகை பெர்மிட்டையும் யாரும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஓட்டுநருக்குச் சரக்கு வாகன லைசென்ஸ், லோரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. இரண்டுக்கும் தேதி கேளுங்கள்.

முறுக்கு என்பதால் இன்னொன்று. பகலில் பெட்டி லோரிக்குள் ஏறி நின்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள். ஊசி முனையளவு வெளிச்சம் எங்கே தெரிகிறதோ, சாயங்கால மழை அங்கேதான் இறங்கும். பெரும்பாலும் கூரையின் முன் மூலையும் கதவு ரப்பரின் அடிப்பக்கமும்தான். அப்படியே மூச்சை இழுத்துப் பாருங்கள். முந்தின நாள் கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) ஏற்றிய லோரி என்றால் சொல்லவே வேண்டாம், மூக்கே சொல்லிவிடும். தண்ணீர் விட்டுக் கழுவினாலும் அந்த வாடை பலகைத் தரையை விட்டுப் போகாது.

இன்சூரன்ஸ் இருக்கு என்கிறார்கள். போதுமா?

எந்த இன்சூரன்ஸ்? ரோட் டேக்ஸோடு எடுப்பது லோரிக்கு, சரக்குக்கு அல்ல. வழியில் போகும் சரக்குக்குத் தனிப் பாலிசி வேண்டும். அதன் நகலை வாங்கி நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: ஒரு லோரிக்கு அதிகபட்சம் எவ்வளவு, முதலில் நீங்கள் ஏற்கவேண்டிய தொகை எவ்வளவு, இரவில் ஆளில்லாமல் நிறுத்திய லோரியில் திருடு போனால் உண்டா, வாடகைக்கு எடுத்த வெளி லோரிக்கும் செல்லுமா. கடைசிக் கேள்வியில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டுகிறார்கள். சரக்குச் சீட்டின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தையும் படியுங்கள். கம்பெனி தன் பொறுப்பைக் கிலோவுக்கு இவ்வளவு என்று அங்கே குறைத்து எழுதியிருக்கலாம்.

எது நல்ல கம்பெனி, பெயர் சொல்லுங்க அண்ணே.

மேலே முதல் பத்தி.

ரப்பர் பாலுக்குப் போடும் ஃபார்மிக் ஆசிட் பத்து டிரம் அனுப்பணும்.

அரிக்கும் இரசாயனம், எட்டாம் வகை அபாயச் சரக்கு. பொதுச் சரக்கோடு ஏற்றாதீர்கள். விற்றவரிடம் பாதுகாப்புத் தாளை வாங்கிக்கொண்டு, இரசாயனம் ஏற்றும் கம்பெனியிடமே பேசுங்கள். எனக்குத் தெரிந்த துறை அல்ல.

பெட்டி 9 கிலோதான், 24 கிலோவுக்குப் பணம் கேட்கிறார்கள்.

கன அளவு எடை தம்பி. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பார்கள். 60, 50, 40 என்றால் 24 கிலோ. 6,000 ஆல் வகுப்பவரிடம் 20. விலை கேட்கும்போதே எந்த எண் என்று கேளுங்கள். பெட்டியை 5 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 21 கிலோ ஆகிவிடும்.

பில்லில் 6 சதவீத வரி சேர்த்திருக்கிறார்கள்.

சரக்குச் சேவைக்கு 2024 மார்ச் 1 முதல் உண்டு. பதிவு செய்த கம்பெனிதான் வாங்கலாம். பதிவு எண் பில்லில் இருக்கிறதா?

டீசல் கூடுதல் கட்டணம் என்று கோலாலம்பூருக்கு 200 வெள்ளி. சரியா? ஹார்ட்வேர் கடை.

சரியில்லை. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசானது. ஆனால் தகுதியுள்ள சரக்கு லோரிகளுக்கு மானிய அட்டையில் பழைய விலையே கிடைத்தது. அட்டை இல்லை என்றே வையுங்கள். போக 230 கிலோமீட்டர், காலியாகத் திரும்ப 230. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 115 லிட்டர். அப்போது ஏறிய 1 வெள்ளி 20 காசால் பெருக்கினால் 138 வெள்ளி. அதுவும் முழு லோரிக்கு. உங்களோடு நாலு பேர் சரக்கும் அதில் போகிறதே?

நான் லோரி வைத்திருப்பவன். அட்டையில் மாத அளவு உண்டு, தெரியுமா? டயர், டோல் எல்லாம் யார் தலையில்?

மாத அளவு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். டயர் விலை ஏறினால் கட்டணத்தை ஏற்றுங்கள் ஐயா. டயருக்கு டீசல் என்று பெயர் வைக்காதீர்கள்.

அப்போ கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா? ஹார்ட்வேர் கடைதான்.

ஒப்புக்கொண்டு கொடுத்தது வராது. அடுத்த ஒப்பந்தத்தில் அடிப்படை டீசல் விலை எவ்வளவு, எத்தனை காசு மாறினால் கட்டணம் எத்தனை சதவீதம் மாறும் என்று எழுதுங்கள். ஏறும்போது ஏறுவது, இறங்கும்போது இறங்கணும் என்பதும் அதிலே இருக்கட்டும்.

இறக்குற இடத்தில் மூணு மணி நேரம் காக்க வைக்கிறார்களே, அதையும் எழுதச் சொல்லுங்க! லோரிக்காரன்.

இதில் லோரிக்காரர் பக்கம்தான் நியாயம். ஆணிப் பெட்டியையும் பெயிண்ட் டின்னையும் தரையில் குவித்துவைத்துக் கையால் இறக்கச் சொன்னால் நேரம் ஆகத்தான் செய்யும். 1.2க்கு 1 மீட்டர் பாலட்டில் (சரக்கு அடுக்கும் தட்டு) அடுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். ஃபோர்க்லிஃப்ட் இருந்தால் அரை மணியில் முடியும் வேலை. இல்லாத இடத்துக்கு, சரக்கை ஏற்றி இறக்கும் தூக்கிப் பலகை பின்னால் வைத்த லோரி கேளுங்கள். இலவசக் காத்திருப்பு எவ்வளவு, அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டால் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

நல்ல லோரி கம்பெனி நம்பர் கிடைக்குமா?

கிடைக்காது.

காலியாகத் திரும்பும் லோரியில் மலிவாகப் போடலாமா?

அவசரமில்லாத, உடையாத சரக்குக்குப் போடலாம். யார் லோரி, யார் பாலிசி என்று பார்த்த பிறகு.

பெட்டி நசுங்கி வந்தது. கேட்டால் 'கையெழுத்துப் போட்டுட்டீங்களே' என்கிறார்கள்.

டெலிவரி ஆர்டரில் வெறும் கையெழுத்துப் போட்டால் நல்லபடி வந்தது என்று அர்த்தம். ஓட்டுநர் அவசரப்படுத்தினாலும் எண்ணிப் பார்த்து, '3 பெட்டி நசுங்கல், 1 நனைவு' என்று எழுதி அதற்குக் கீழே கையெழுத்து. ஓட்டுநர் கையெழுத்தும் வேண்டும். லோரி எண் தெரியும்படி, சரக்கு இன்னும் உள்ளே இருக்கும்போதே படம். அன்றைக்கே எழுத்தில் புகார். புகார் கொடுக்க எத்தனை நாள் என்பதும் அந்தப் பின்பக்கச் சின்ன எழுத்தில்தான் இருக்கும். நசுங்கியதைத் தூக்கி எறியாதீர்கள், பார்க்க ஆள் வருவார்.