குழுவை விட்டுப் போனால் வேறு எங்கும் பாடக்கூடாதா?

கேள்வி: மதுரைப் பக்கம் ஐந்து நண்பர்கள் சேர்ந்து நாலு வருடமாக இன்னிசைக் குழு நடத்துகிறோம். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று கச்சேரிகள் வருகின்றன. செலவு போக மிச்சத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறோம். எழுத்தில் எதுவும் இல்லை. கீபோர்டு ஒருவர் பெயரில் தவணையில் வாங்கியது. தவணை பொதுப் பணத்தில் போகிறது. சொந்தப் பாட்டு மூன்று யூடியூபில் இருக்கிறது. சேனல் பாடகரின் ஜிமெயிலில். இப்போது அவர் தனிக் குழு தொடங்கப் போகிறாராம். 'விலகினால் வேறு எங்கும் பாடமாட்டேன்' என்று எல்லோரிடமும் முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்கினால் செல்லுமா?

பதில்: அந்த ஒரு வரிக்காகத் தாள் வாங்காதீர்கள். ஒருவர் ஆயுளுக்கும் எங்குமே பாடக்கூடாது என்று எழுதினால் நிற்காது.

எழுத்தில் எதுவும் இல்லை என்கிறீர்கள். ஆனால் சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பங்கு போடுகிறீர்கள் அல்லவா? 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி நீங்கள் ஐவரும் பெரும்பாலும் கூட்டாளிகள்தான். நீங்கள் எழுதாமல் விட்டதையெல்லாம் அந்தச் சட்டமே நிரப்பிவிடும். லாபம் சமம், நஷ்டமும் சமம். புக்கிங், வேன், கணக்கு என்று ஓடுகிற ஆளுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஜெனரேட்டர்காரருக்குக் குழு பாக்கி வைத்தால் முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே அவர் கேட்கலாம். காலக்கெடு பேசாத கூட்டு என்பதால், ஒருவர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாலே குழு கலைந்துவிடும். இது பிடிக்கவில்லை என்றால் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம். ஒப்பந்தம் அதற்குத்தான்.

பாடகர் விஷயத்துக்கு வருவோம். அதே சட்டத்தின் 36ஆம் பிரிவு உங்களுக்கு ஓரளவு கைகொடுக்கும். விலகிய கூட்டாளி போட்டியாகத் தொழில் தொடங்கலாம், விளம்பரமும் செய்யலாம். ஆனால் பழைய குழுவின் பெயரைப் பயன்படுத்தக்கூடாது, குழு சார்பில் வருவதாகச் சொல்லக்கூடாது, உங்களிடம் புக் செய்துவந்த விழாக் கமிட்டிகளைத் தேடிப்போய்க் கேட்கவும் கூடாது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை இதுதான் விதி. இதற்கு மேலும் வேண்டுமென்றால் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட எல்லைக்குள் என்று நியாயமான தடை எழுதலாம். ஆறு மாதம், மதுரை மாவட்டம் என்று எழுதினால் வாதாட இடமுண்டு. கூட்டாளியாக இருக்கும்போது வேறு தொழில் செய்யக்கூடாது என்பதையும் எழுதலாம். ஒரு எச்சரிக்கை: கச்சேரிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கிப் போகிற தபேலாக்காரர், டிரம்மர் யாராவது இருந்தால் அவர்கள் கூட்டாளிகள் அல்ல. போன பிறகு வேறு குழுவில் வாசிக்கக்கூடாது என்று அவர்களைக் கட்டிப்போட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்கிவிடும்.

கீபோர்டுதான் பின்னால் சண்டை வரப்போகிற இடம். ரசீது ஒருவர் பெயரில், பணம் பொதுவில். குழுப் பணத்தில் வாங்கியது குழுச் சொத்து என்பதே சட்டத்தின் அனுமானம், ஆனால் கடன்காரர் கேட்கப்போவது ரசீதில் பெயர் உள்ளவரைத்தான். ஒவ்வொரு கருவியையும் சீரியல் நம்பரோடு எழுதி, யாருடையது, யார் தவணை கட்டுவது, விலகினால் யார் யாருக்கு எவ்வளவு தருவது என்று போடுங்கள்.

பாட்டில் உரிமை ஒன்றல்ல. வரி எழுதியவருக்கு வரி, மெட்டுப் போட்டவருக்கு மெட்டு, ஒலிப்பதிவுக்குப் பொறுப்பேற்றுச் செய்தவருக்கு ஒலிப்பதிவு. பாடியவருக்குத் தன் குரல்மீது கலைஞர் உரிமை உண்டு. அதனால் மெட்டு அவருடையதாகிவிடாது. இவற்றைக் குழுவுக்கு மாற்றுவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம், எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சேனல் குழுவுடையது, பாஸ்வேர்டு இருவரிடமாவது இருக்க வேண்டும், வரும் பணம் குழுவின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதையும் சேருங்கள். இதை மட்டும் அவர் போகும் முன்னால் முடித்துவிடுங்கள். ஜிமெயில் அவர் கையில் இருக்கிறது, அப்புறம் கேட்டுப் பயனில்லை.

குழுவின் பெயரை வணிகச் சின்னமாகப் பதியலாம். பொழுதுபோக்குச் சேவைகளுக்கு 41ஆம் வகுப்பு. சென்னையில் கிண்டியில் அலுவலகம் இருக்கிறது, இணையத்திலும் விண்ணப்பிக்கலாம்.

ஒப்பந்தம் எழுதியதோடு நிறுத்தாமல் மாவட்டப் பதிவாளரிடம் கூட்டு நிறுவனமாகப் பதியுங்கள். பதியாத நிறுவனம், பேசிய பணத்தைத் தராத கமிட்டிமேல் அந்தக் கச்சேரி ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு தடுக்கிறது. குழுவைக் கலைக்கவும் கலைந்த குழுவின் கணக்குக் கேட்கவும் தடையில்லை. முத்திரைத் தாள் எவ்வளவுக்கு என்பதை அதே அலுவலகத்தில் கேளுங்கள். குறைந்த மதிப்பில் எழுதினால், அபராதம் கட்டும்வரை நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்காது.

பாடகரையும் உட்காரவைத்து எழுதுங்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்தால், நாலு வருடக் கணக்கை முடித்து, அவர் பங்கைக் கொடுத்து விலகல் பத்திரம் வாங்கிக்கொண்டு, மற்ற நால்வரும் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.