திரையில் குதிக்கும் பெட்டிகள்: லேப் அண்ணன் பதில்கள்

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கேபிள் இழுப்பதிலிருந்து நெட்வொர்க் சுவிட்ச் (கணினிகளின் கேபிள்களை இணைக்கும் பெட்டி) மாற்றுவது வரை எல்லாம் நான்தான். ‘மெசேஜ் பெட்டி தொல்லை’ என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, எலெக்ட்ரானிக்ஸ் லேபில் புரோகிராம் அடிக்கும்போது ‘மெசஞ்சர் சர்வீஸ்’ என்று பெட்டி குதிக்கிறது. படிப்பதற்குள் மறைந்தும் போகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. பெட்டி முன்னால் வந்ததும் கீபோர்டு அதன் வசம் போய்விடும். நீங்கள் புரோகிராமுக்காகத் தட்டிய ஸ்பேஸ், பெட்டியின் ‘ஓகே’யை அமுக்கிவிடுகிறது. அதனால்தான் மறைகிறது.

பழைய கருவிகளுக்காக அந்த லேபில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறது. அதில் ‘நெட் செண்ட்’ என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு கணினியின் பெயரும் செய்தியும் போட்டு அடித்தால், அங்குள்ள மெசஞ்சர் சர்வீஸ் அதைப் பெட்டியாகக் காட்டும். பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் கூட்டத்துக்கே போகும். பிரிண்ட் முடிந்தது, யூபிஎஸ் பேட்டரிக்கு மாறியது என்று சொல்லத்தான் இந்த வசதி பயன்பட்டது. அப்புறம் இணையத்திலிருந்தே விளம்பரம் அனுப்ப ஆரம்பித்தார்கள். 2003 அக்டோபரில் இதில் பெரிய பாதுகாப்பு ஓட்டையும் வெளியானது. 2004-இல் எக்ஸ்பிக்கு வந்த ‘சர்வீஸ் பேக் 2’ என்ற அப்டேட் இதை அணைத்தே வைத்தது. அடுத்த விண்டோஸான விஸ்டாவில் எடுத்தே விட்டார்கள். ஆக, உங்கள் லேபில் யாரோ மெனக்கெட்டு ஆன் செய்திருக்கிறார்கள். சர்வீசஸ் பட்டியலில் மெசஞ்சரை ‘டிஸேபிள்’ செய்யுங்கள். வெறுமனே நிறுத்தினால் ரீஸ்டார்ட்டில் திரும்பி வரலாம்.

பிரின்சிபல் பெயரில் ‘நாளை லீவு’ என்று வந்தது. பாதி ஹாஸ்டல் வாளையார் தாண்டி கோயம்புத்தூர் போய்விட்டது. அவர் அனுப்பவே இல்லையாம்!

இது நெட் செண்ட் இல்லை. நீங்கள் எல்லாரும் வைத்திருப்பது ஐபி மெசஞ்சர்: ஒரே நெட்வொர்க்கில் உள்ள கணினிகள் நேரடியாகச் செய்தி அனுப்பிக்கொள்ளும் தனி மென்பொருள். சர்வர் கிடையாது, பாஸ்வேர்டு கேட்டு உள்ளே விடும் வேலையும் கிடையாது. செட்டிங்கில் எந்தப் பெயரைப் போடுகிறீர்களோ அந்தப் பெயர்தான் எதிராளி திரையில் தெரியும். அனுப்புநர் முகவரி இல்லாத கடிதத்தில் ‘இப்படிக்கு கலெக்டர்’ என்று போடுவது மாதிரி. பெயரை நம்பவே நம்பாதீர்கள்.

ஆளைப் பிடிக்க வழி இருக்கிறது. மெசேஜ் வந்த ஐபி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டால், டிஹெச்சிபி (மிஷின்களுக்கு ஐபி எண் கொடுக்கும் சர்வீஸ்) பதிவிலிருந்து மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்), அதிலிருந்து அந்த மிஷினின் கேபிள் செருகிய சுவிட்ச் போர்ட் என்று நடக்கலாம். ஒருமுறை நான் இப்படித்தான் மாணவனைத் தேடிப் போனேன்; கேபிள் ஸ்டாஃப் ரூமுக்குப் போய் நின்றது. சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

வார்டன் ‘66ஏ கேஸ்’ போடுவேன் என்கிறார், சார்.

புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதே தீர்ப்பில் நம் கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி)யும் போயிற்று. அதற்காக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது சரியாகிவிடாது. அதற்கு 66டி இருக்கிறது.

ஏனுங்க அண்ணா, கரண்ட் போய் வந்ததும் பத்து நிமிஷத்துக்கு வைஃபை படுத்துவிடுகிறதே, இதற்கும் மெசஞ்சர்தான் காரணமா?

பாதிக் காரணம். ஐபி மெசஞ்சர் திறந்ததும் ‘நான் வந்துவிட்டேன்’ என்று எல்லாருக்கும் கூவும். கேட்டவையெல்லாம் பதில் சொல்லும். 200 மிஷின் ஒன்றாக எழுந்தால் பதில்கள் மட்டும் 39,800 வரை போகலாம். கேபிளில் இது பொருட்டே இல்லை. ஆனால் வைஃபையில் பொதுக்கூவல் எல்லாம் மெதுவான வேகத்தில்தான் போகும். அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

மீதிப் பாதி உங்கள் அறையில் இருக்கிறது. மேசைக்கடியில் உள்ள சின்ன சுவிட்சில் ஒரே கேபிளின் இரு முனையையும் செருகியிருக்கிறீர்களா, பாருங்கள். ஒரு கூவல் உள்ளே போனால் ஓயாமல் சுற்றிச் சுற்றிப் பெருகும். போன வருஷம் மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

தமிழில் அனுப்பினால் வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது. மலையாளமும் அப்படியே.

ஐபி மெசஞ்சரின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கலந்து ஓடுகின்றன. எல்லா மிஷினிலும் ஒரே புதிய பதிப்பைப் போடுங்கள். நெட் செண்டில் தமிழை எதிர்பார்க்காதீர்கள்.

‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று ஓரத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஹாஸ்டல் பசங்க வேலையா?

பாவம், அவர்கள் இல்லை. ஏதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்டபோது ‘அலோ’வை (Allow) அமுக்கியிருக்கிறீர்கள். பிரவுசர் செட்டிங்கில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து, தெரியாத தளங்களை நீக்குங்கள். அந்தப் பெட்டி காட்டும் எண்ணுக்குப் போன் மட்டும் செய்யாதீர்கள்.

லைப்ரரியில் மூடும் நேரம் சொல்ல ஐபி மெசஞ்சர் வசதியாக இருக்கிறது. மொத்தமாகத் தடை செய்யப் போகிறீர்களா?

இல்லை மேடம். ஹாஸ்டலைத் தனி விலேனுக்கு (அதே கேபிள்களில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) மாற்றுகிறேன். ராவுட்டர் கூவலைக் கடத்தாது. லைப்ரரிக்குள் ஐபி மெசஞ்சர் பயன்படுத்தும் 2425 என்ற போர்ட் எண் திறந்தே இருக்கும். ஒன்று மட்டும்: அணைந்து கிடக்கும் மிஷினுக்கு மெசேஜ் போகாது. அதனால் புத்தகம் திருப்பித் தர வேண்டிய தேதியை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டிவிடுங்கள்.