மறு: குளோயியைக் காப்பாற்றியது தவறான முடிவா?

நண்பரே, ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ வீடியோ கேமின் முடிவில், புயலில் சிக்கிய ஊரைக் காப்பதா, நாயகி மேக்ஸின் தோழி குளோயியைக் காப்பதா என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் குளோயியைக் காப்பாற்றினீர்கள். ஊரைக் காப்பதே அதிகாரபூர்வ முடிவு, உங்களுடையது செல்லாது என்று விடுதி நண்பர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். செல்லும்.

ஊரைக் காக்கும் முடிவுக்குக் காட்சிகள் அதிகம், உண்மைதான். நீளம் தீர்ப்பாகிவிடாது. 2015இல் வந்த அந்த ஆட்டத்தின் கதையைத் தொடரும் ‘டபுள் எக்ஸ்போஷர்’ (2024), எந்த முடிவு நடந்தது என்று தொடக்கத்திலேயே நம்மைத்தான் கேட்கிறது. குளோயி பிழைத்தாள் என்றாலும் அவளும் மேக்ஸும் பிரிந்துவிட்டதாகவே கதை போகிறது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அதை உருவாக்கியது வேறொரு நிறுவனம். நீங்கள் பார்த்த முடிவை அது அழித்துவிடாது.

நம் மதுரையையே பாருங்கள். அழகர் வைகையில் இறங்குவது மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க என்கிறது புராணம். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குப் பிந்தி வந்து, கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்புகிறார் என்பது என் அப்பத்தா சொன்ன கதை. சித்திரையில் ஆற்று மணலில் நிற்கும்போது எனக்கு அந்த அண்ணன்தான் தெரிகிறார்.

நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: முதல் அத்தியாயத்தில், கழிவறையில் குண்டு பாய்ந்ததும் மேக்ஸ் கை நீட்டிக் காலத்தையே பின்னோக்கித் திருப்பியது யாருக்காக?