சாவி கொடுத்தால் 'டொக்' என்கிறது: பழைய ஃபோனோகிராஃபுக்கு என்ன வைத்தியம்?

கேள்வி: தாத்தா வைத்திருந்த எடிசன் ஸ்டாண்டர்ட் ஃபோனோகிராஃப், அதாவது உருளையில் பதிந்த பாட்டைப் பாடும் கருவி, இப்போது என்னிடம் இருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிறது. ஆனால் நடுநடுவே உள்ளே 'டொக்' என்று சத்தம் வருகிறது. வேகமும் ஏறி இறங்குகிறது. வில் (ஸ்பிரிங்) போய்விட்டதா? கூடவே சில மெழுகு உருளைகளும் உள்ளன. சிலவற்றின்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போட்டுக் கேட்கலாமா?

பதில்: வில் அறுந்திருந்தால் மெஷின் ஓடியே இருக்காது. அந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காய்ந்து இறுகிய கிரீஸ்தான் காரணம். வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இழுவை தாங்காமல் சட்டென்று விடுபடும்போது அப்படி அதிரும். வில் இருக்கும் உருளைக்கூட்டை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே சுருண்டிருக்கும் எஃகுப் பட்டை துள்ளி வெளியே வந்தால் கையைக் கிழித்துவிடும். கடிகார வில்லில் பழகிய கைகளிடம் கொடுத்து, பழைய கிரீஸை நீக்கிப் புதிது போடச் சொல்லுங்கள்.

வேகம் தடுமாறுவதற்கு முதலில் கவர்னரை, அதாவது வேகத்தைச் சீராக வைக்கும் பாகத்தைப் பாருங்கள். எனக்கு இந்த மெஷினில் மிகவும் பிடித்த பாகம் அதுதான். மெல்லிய தகட்டு வில்களில் சின்னச் சின்ன எடைகள். வேகம் கூடும்போது அவை வெளிப்பக்கமாக விரிந்து ஒரு வட்டத் தகட்டை இழுக்கும். தகடு ஒரு சிறு திண்டில் உரசி வேகத்தை அடக்கும். மின்சாரமே இல்லாமல் இரண்டு நிமிடப் பாட்டைச் சுருதி பிசகாமல் பாடவைத்தது இந்த ஏற்பாடு. திண்டு வறண்டிருந்தால் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் போதும். தகட்டு வில்களின் திருகு தளர்ந்திருக்கிறதா, தோல் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு, உருளை மாட்டும் தண்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு ஒட்டி எண்ணுங்கள். 15 விநாடியில் 40 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 160 வந்தால் சரி. 1902 முதல் வந்த கறுப்பு வார்ப்பு உருளைகளுக்கு அதுதான் வேகம். அதற்கு முந்திய பழுப்பு உருளைகள் பல இன்னும் மெதுவாக ஓட வேண்டியவை.

உருளை போடும் முன் ரீப்ரொட்யூசரில் (உருளையைத் தொட்டு ஒலி எழுப்பும், முனை உள்ள பாகம்) பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். 'சி' என்றால் இரண்டு நிமிட உருளைக்கானது. நீலமணி முனை, அங்குலத்துக்கு 100 வரி (பாட்டு பதிந்த பள்ளம்). 1908-இல் வந்த நான்கு நிமிட உருளையில் 200 வரி. அதற்கு வேறு முனையும் வேறு பல்சக்கர வேகமும் வேண்டும். 1912-இல் வந்த நீல நிற செல்லுலாய்டு உருளைகளுக்கான வைர முனையை மெழுகின்மேல் வைத்தால், பாட்டை அப்படியே உழுதுவிடும்.

வெள்ளைப் பூப்பு என்பது பெரும்பாலும் பூஞ்சை. அது தின்ற இடம் திரும்பாது. தண்ணீரோ ஸ்பிரிட்டோ வேண்டாம். உலர்ந்த மென்மையான பிரஷால் வரி ஓடும் திசையில் தட்டிவிடுங்கள். எடுக்கும்போது மேற்பரப்பைத் தொடாமல், உள்ளே இரண்டு விரலை விட்டு விரித்துப் பிடியுங்கள். கேட்டு முடித்ததும் தண்டிலிருந்து கழற்றிவிடுங்கள். குளிரில் மெழுகு சுருங்கினால் அங்கேயே விரிசல் விழும்.

பழுப்பு உருளைகளை மட்டும் இப்போதைக்கு ஓட்டாதீர்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கொஞ்சம் தேயும். வெளியே விற்காத, வீட்டிலேயே பதிந்த குரலாகவும் இருக்கலாம். அப்படியானால் உலகில் அந்த ஒரு பிரதிதான். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், உருளைகள் பெட்டி மாறியிருக்கும். கறுப்பு உருளையின் விளிம்பில் தலைப்பும் எண்ணும் இருந்தால், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் உருளைப் பதிவுகளில் தேடுங்கள். அதே பாட்டு அங்கேயே கிடைக்கக்கூடும். பழுப்பு உருளைகளை, எடை குறைந்த முனையால் டிஜிட்டலாக மாற்றித்தரும் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள்.